மனநல வார்டில் தற்கொலை ஆபத்து: நோயாளியின் பேச்சில் கவனிக்க வேண்டியவை

மனச்சோர்வு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரே அளவு சோர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம். நாளையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் தனியாகப் பேசுங்கள். உறவினர் பக்கத்தில் நின்றால் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும். தூக்கம், சாப்பாடு விசாரித்துவிட்டு நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. "அப்படியெல்லாம் நினைக்கலதானே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ஆமாம் என்றால் திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று விசாரியுங்கள். திட்டம் இருப்பவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள்.

அடுத்தது நம்பிக்கையிழப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இதை அளக்க உருவாக்கிய அளவுகோலில் 'சரி', 'தவறு' என்று பதில் சொல்லும் 20 வாக்கியங்கள் உண்டு; மதிப்பெண் கூடக்கூட நம்பிக்கையிழப்பும் கூடுதல். தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1985இல் அவர் குழு முடிவை வெளியிட்டது. பின்னாளில் தற்கொலையால் இறந்தவர்களில் 91 சதவீதத்தினர் அதில் 10க்குக் குறையாமல் எடுத்திருந்தார்கள். ஆனால் அதே மதிப்பெண் எடுத்தும் உயிரோடு இருந்தவர்கள் ஏராளம். மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் விதியைச் சொல்ல முடியாது. குறைவாக வந்தது என்பதற்காக வீட்டுக்கும் அனுப்பக் கூடாது.

அந்த அளவுகோல் தாள் கையில் இல்லாவிட்டால் இப்படிக் கேட்கலாம்: "அடுத்த வாரம் நீங்க ஆசையா எதிர்பார்க்கிறது என்னென்ன?" ஒரு நிமிடம் பேசாமல் காத்திருங்கள். கெட்டது நடக்கும் என்று அடுக்குவதைவிட, நல்லது ஒன்றுகூட வாயில் வராததே அதிகம் கவலைப்பட வேண்டியது.

பிறகு, மகிழ்ச்சியாக இருந்த ஏதாவது ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். "சின்ன வயசுல நல்லா இருந்தேன்" என்று பொதுவாகவே நின்றுவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எப்படிச் சமாளித்தோம் என்பது துல்லியமாக நினைவுக்கு வராதவருக்கு இன்றைய சிக்கலுக்கும் வழி தோன்றுவது கடினம். அவரிடம் "எல்லாம் சரியாயிடும்" என்பது எடுபடாது. ஒரே ஒரு சிக்கலை எடுத்து, நாளைக்குச் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கி, கூடவே உட்கார்ந்து யோசியுங்கள். மின்னதிர்வு சிகிச்சை நடக்கும் நாட்களிலும் மருந்து மயக்கத்திலும் நினைவு மங்கலாம் என்பதால், பழைய நாளைப் பற்றிய இந்தக் கேள்வி அப்போது வேண்டாம். பதில் தவறான பக்கம் இழுத்துச் செல்லும்.

"நான் இல்லாட்டி அவங்க நிம்மதியா இருப்பாங்க" என்ற பேச்சை நம் வீடுகளில் புலம்பல் என்று கடந்துவிடுகிறார்கள். தான் பாரம் என்று உறுதியாக நம்புவது பெரிய ஆபத்து. யாருக்கு, எந்த வகையில் என்று கேளுங்கள். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவரிடம், சாகச் சொல்லிக் குரல் கேட்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நோய் தணிந்து, இழந்ததெல்லாம் புரியத் தொடங்கும் நேரத்திலும் அவரைக் கவனியுங்கள்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். கிளம்பும் முன் ஒரு தாளில் அவர் சொற்களிலேயே எழுத வையுங்கள்: எண்ணம் வருவதற்கான அறிகுறி, தானே செய்யக்கூடியது, மனத்தைத் திருப்பும் ஆட்கள், உதவி கேட்கக்கூடியவர், மருத்துவர் எண்ணோடு அரசின் 24 மணி நேர மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, வீட்டில் அப்புறப்படுத்த வேண்டியவை. மாத்திரைகளைக் குடும்பத்தார் கையில், சில நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுசந்திப்புக்கு நாள் குறியுங்கள். கோப்பில் "தற்கொலை எண்ணம் இல்லை" என்று மட்டும் எழுதாமல், அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் மாற்றத்தைக் கண்டுகொள்ள அதுதான் உதவும்.