பழைய அம்பாசடருக்கு ‘விண்டேஜ்’ பதிவு

மண்டபம், பாம்பன் பக்கம் கொட்டகையில் தாத்தா காலத்து அம்பாசடரோ பியட்டோ நிற்கிறதா? முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்தால், 2021-இல் வந்த விதிப்படி அதை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். படிவம் 20, பழைய ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய் (கொஞ்சம் கூடுதல்தான்!). 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. புது எண் வாங்கினால் நடுவில் ‘வி.ஏ.’ வரும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இல்லை. எதற்காக ஓட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு: இதற்கெல்லாம் ரோட்டில் எடுக்கலாம். தினமும் உச்சிப்புளி சந்தைக்கோ, தனுஷ்கோடிக்கு வாடகைச் சவாரிக்கோ கூடாது.

நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு இன்னொன்று. விண்ணப்பிக்கும் முன் சேசிஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். சித்தப்பா காரில் கடைசி இரண்டு எழுத்தைத் துரு மூடியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த பிறகுதான் தெரிந்தது. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும்.