ப்ரோலியோ பாரன் சொன்ன பக்குவம்: கியாந்தி ஒயின் எடுப்பது எப்படி?

இத்தாலியின் டஸ்கனியில் கயோலே இன் கியாந்தி என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது ப்ரோலியோ கோட்டை. 1141-லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் பெயரோடு சேர்ந்த இடம். இடையில் வேறு கைக்குப் போயிருந்த ஒயின் தொழிலை, 1993-ல் பிரான்செஸ்கோ ரிக்காசோலி மீட்டுக் குடும்பத்துக்கே கொண்டுவந்தார்.

அவருடைய முன்னோர் பெத்தினோ ரிக்காசோலி இரண்டு முறை இத்தாலியின் பிரதமர். 'இரும்பு பாரன்' என்று பெயர் (பாரன் என்பது பிரபுப் பட்டம்). பல வருஷம் சோதித்துப் பார்த்த கலவையை 1872-ல் பீசா பேராசிரியர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். சாஞ்சொவேஸே திராட்சை மணமும் வீரியமும் தரும், கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கும். மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சை அன்றாடம் குடிக்கிற ஒயினை லேசாக்கும். நாள்பட வைக்கிற ஒயினில் அதைக் குறைத்துவிடலாம். இன்றைக்குக் கியாந்தி கிளாசிகோ (கியாந்தியின் பழைய மையப் பகுதி ஒயின்) விதிப்படி சாஞ்சொவேஸே குறைந்தது 80 சதவீதம். 2006 முதல் வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது.

கீழே வருவது அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயின் முறை, 100 கிலோ பழத்துக்குச் சுருக்கியது. வீட்டில் ஒயின் எடுக்க உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பறிப்பது

அங்கே அறுவடை செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில். கருவியில் சர்க்கரை அளவு 23 பிரிக்ஸ் (சாறில் ஏறக்குறைய 23 சதவீதம் சர்க்கரை) வந்தால் ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். கருவி மட்டும் போதாது. ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக இருந்து நாக்கைப் பிடித்தால் இன்னும் சில நாள் பொறுக்கணும். பழுப்பேறி, வறுத்த கடலை மாதிரி நொறுங்கினால் பறிக்கலாம். பூஞ்சை பிடித்த கொத்தை இரக்கப்படாமல் ஒதுக்குங்கள்.

2. உதிர்த்து நசுக்குவது

காம்பை எடுத்துவிட்டு, தோல் வெடிக்கிற அளவுக்கு மட்டும் நசுக்கணும். விதை உடைந்தால் கசப்பு இறங்கும். பாத்திரத்தில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். வேண்டாத கிருமிகளை அடக்குகிற பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 5 கிராம் கரைத்து ஊற்றி, ஒரு நாள் விட்டு, ஒயின் ஈஸ்ட் 20 கிராம் சேருங்கள்.

3. நொதிக்க விடுவது

ஒயினின் தலையெழுத்தை எழுதுவது இந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் என்பது என் எண்ணம். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன, சாறில் இல்லை. ஆனால் கிளம்புகிற வாயு தோலையெல்லாம் மேலே தூக்கி, கெட்டியான அடையாகக் கட்டிவிடும். அப்படியே விட்டால் மேல்பகுதி காய்ந்து காடி நாற்றம் வந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, அகலமான மரத்துடுப்பால் அடையை அமுக்கிச் சாறுக்குள் முக்குங்கள். காலையில் முதல் தடவை அமுக்கும்போது, சோடா திறந்த மாதிரி ஒரு சீறல் கேட்கும். கை வைத்தால் அடை வெதுவெதுப்பாக இருக்கும். சூடு 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும்.

ஒன்று மறக்கவே கூடாது: வெளியே வருவது கரியமில வாயு. மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். ஜன்னல், கதவு திறந்தே இருக்கணும். பாத்திரத்துக்குள் தலையை நீட்டாதீர்கள்.

அடர்த்திமானி தொடக்கத்தில் 1.095 வாக்கில் காட்டும். 1.000-க்குக் கீழே இறங்கினால் சர்க்கரை தீர்ந்துவருகிறது என்று அர்த்தம்.

4. பிழிவது

தானாக வடிகிற ஒயினைத் தனியாக எடுங்கள், பிழிந்ததை வேறாக. பிழிந்தது கரடாக இருக்கும். ருசி பார்த்துப் பிறகு கொஞ்சமாகச் சேர்க்கலாம். மொத்தம் 65 லிட்டர் போலத் தேறும்.

5. புளிப்பு மாறுவது

20 டிகிரி வாக்கில் சில வாரம் வைத்தால், பாக்டீரியாக்கள் ஒயினில் ஆப்பிள் மாதிரி இருக்கிற கூரிய புளிப்பை மோரின் மென்புளிப்பாக மாற்றிவிடும். வாய் வரை நிரப்பி, காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) போடுங்கள்.

6. பழக விடுவது

அடியில் மண்டி படியப் படிய, தெளிந்ததை மட்டும் குழாயால் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கியாந்தி கிளாசிகோவில் கூடுதல் நாள் பழக விடுகிற ரிசேர்வா வகைக்கு 24 மாதம், அதற்கும் மேல்தரமான கிரான் செலெசியோனேவுக்கு 30 மாதம் என்பது விதி. வீட்டு ஒயினை ஒரு வருஷமாவது தொடாமல் வையுங்கள். பிறகு பாட்டிலில் அடைத்து, தக்கை நனைந்திருக்கும்படி இருட்டில் படுக்கப் போடுங்கள்.