ஓப்பனிங்கை ஒப்பிக்காதீர்கள்: செஸ் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டிகளில் கடைசி போர்டுகள் பக்கம் போய் நின்று பாருங்கள். ஓப்பனிங் எனப்படும் ஆட்டத் தொடக்கத்தின் முதல் ஐந்தாறு நகர்த்தல்களைப் பிள்ளைகள் கடகடவென்று ஆடிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன ஆடினார் என்று பார்ப்பதே இல்லை. பல ஆட்டங்கள் அங்கேயே கை நழுவிவிடுகின்றன.

இத்தாலியன் ஓப்பனிங்கையே எடுத்துக்கொள்வோம் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). வெள்ளை பிஷப் சி4-ல் நிற்கிறது, கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்கிறது, குறி எஃப்7. கறுப்பு ஒரு சிப்பாயை டி5-க்குத் தள்ளி பிஷப்பை மறிக்கிறது, வெள்ளைச் சிப்பாய் அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. இதுவரை சரி. உடனே கறுப்பு தன் எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுவதுதான் வினை. வெள்ளை தன் குதிரையைப் பலி கொடுத்து எஃப்7-ஐ வெட்டும். ராஜா அதை எடுத்ததும் ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு வந்தாக வேண்டும். அடுத்து வெள்ளையின் மற்றொரு குதிரையும் சி3-க்கு வந்து டி5-ஐ நெருக்கும். கறுப்புக்குத் தாக்குப்பிடிக்க வழி உண்டு; கடிகாரம் ஓடும்போது பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

கறுப்பில் ஆடினால், திருப்பி வெட்டாமல் சி6-ல் இருக்கும் குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் குறையும், போகட்டும். வெள்ளைக் காய்கள் பின்வாங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் காய்கள் களத்துக்கு வந்துவிடும்.

நாலே நகர்த்தலில் மேட் வைக்கும் ஆசையில் ராணியை எடுத்த எடுப்பில் வெளியே விடுவதையும் நிறுத்துங்கள். விவரம் தெரிந்தவர் அதை விரட்டிக்கொண்டே தன் காய்களை வெளியே எடுத்துவிடுவார்.

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையையே நகர்த்த வேண்டிவரும். வீட்டில் இரண்டு கையாலும் ஆடிப் பழகிய பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆடுவதற்கு முன்பே நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதுவதும் விதிப்படி தவறு.

தோற்ற ஆட்டத்தின் ஷீட்டைக் கசக்கி எறியாதீர்கள். தெரிந்த வரிசை எந்த நகர்த்தலில் முடிந்தது, அதற்கு அடுத்து எவ்வளவு நேரம் யோசித்தோம் என்று அன்று இரவே உட்கார்ந்து பாருங்கள்.