கூடாரத்தில் சாம்பார் சாதம்: வீட்டில் சமைத்து, உலர்த்தி, மலையில் சாப்பிடும் முறை

ஹர் கி தூன் மாதிரியான உத்தராகண்ட் மலைப் பாதைகளில் சில நாள் கூடாரம் போட்டு நடப்பவர்களுக்கு ராத்திரியானால் நூடுல்ஸ்தான் கதி. ஏறக்குறைய அதே சுமையில் வீட்டுச் சாம்பார் சாதமே சாப்பிடலாம். சமைத்து, உலர்த்தி எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

பருப்பை அங்கேயே வேகவைத்தால் என்ன என்று தோன்றும். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். வீட்டுக் குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கும். மேலே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் கேஸ்தான் தீரும்.

வீட்டில் செய்வது

பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, வழக்கம்போல் சாம்பார் சாதம் செய்யுங்கள். கேரட், பீன்ஸ் பட்டாணி அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. முருங்கைக்காய் வேண்டாம். எண்ணெய், நெய், தேங்காய் மூன்றையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கொழுப்பு காயாது, வைக்க வைக்கச் சிக்கு வாடை அடிக்கும். தாளிப்பை நெய்யோடு சின்ன டப்பாவில் தனியே கொண்டுபோகலாம்.

சாதத்தை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, பட்டர் பேப்பரில் ஊத்தப்பக் கனத்துக்குப் பரப்பி, டீஹைட்ரேட்டரில் (மெல்லிய சூட்டுக் காற்றில் உணவை உலர்த்தும் மின்கருவி) 60 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம் வையுங்கள். பாதியில் எடுத்துக் கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். வட்டத் தட்டுகளை அடுக்கும் வகையைவிட, பின்பக்கம் மின்விசிறி உள்ள பெட்டி வகையே என் தேர்வு. அதில் தட்டுகளை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. வற்றலைப் போல மொட்டைமாடியில் போட்டால், பருப்புச் சாதம் காய்வதற்குள் புளித்துவிடும். ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவன்கள் பலவற்றில் குறைந்த சூடே 100 டிகிரி. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும்.

ஆறிய பிறகு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரண்டு நாள் பாருங்கள். உட்புறம் பனித்தால் இன்னும் காய வேண்டும்.

சரி, மறுபடி எடை போடுங்கள். 400 கிராம் 120 ஆகியிருந்தால், போனது 280 கிராம் தண்ணீர். ஆவியாகிப் போவதற்கு ஒரு 50 சேர்த்து, "330 மில்லி" என்று பாக்கெட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். மலையில் குத்துமதிப்பாக ஊற்றினால் ஒன்று கஞ்சியாகும், இல்லை அடிப்பிடிக்கும்.

கூடாரத்தில் செய்வது

பலருக்கும் சொதப்புவது இங்கேதான். உலர்ந்த சாதத்தைக் கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டால் வெளியே குழைந்துவிடும், உள்ளே கல்லாகவே நிற்கும். அதனால் அடுப்பு பற்றவைப்பதற்கு அரை மணி முன்பே, எழுதிவைத்த அளவு தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். குளிர் கடுமையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. ஒரு பருக்கையை நகத்தால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளியாக இடறினால் இன்னும் ஊற வேண்டும்.

அப்புறம் அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். ஓடைத் தண்ணீரென்றால் கொதி வந்தபின் 3 நிமிடம் கட்டாயம். இறக்கி, கம்பளித் துணியில் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். கடைசியாக மசிவது கேரட். அது மசிந்தால் எல்லாம் மசிந்துவிட்டது. இப்போது தாளிப்பைக் கொட்டிக் கிளறலாம்.

கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, டேராடூனில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பியூட்டேன் வேண்டாம், உறைநிலைக்கு அருகே அது ஆவியாகாது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவையாகக் கேளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பின்சேர்க்கை: இதே முறையில் கொண்டைக்கடலை செய்தவர்கள் எவ்வளவு ஊறினாலும் கடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். முழுக் கடலையின் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. குக்கரில் நன்றாக வெந்ததும் ஒவ்வொன்றும் பிளக்கும்படி மத்தால் லேசாக நசுக்கி, அதன்பிறகு உலர்த்துங்கள். ராஜ்மாவுக்கும் இதுவே.