எரிமலைப் பாறையின் காந்தம்: தப்புக்கணக்கு எங்கே விழுகிறது?

எரிமலைக் குழம்பு குளிர்ந்து பாறையாகும்போது அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசை அதில் பதிந்துவிடுகிறது. எப்படி? தீக்குழம்பு ஓடும்போதே அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் திசைகாட்டி முள் போல வடக்கே திரும்பிக்கொள்ளும், குழம்பு இறுகியதும் அப்படியே நின்றுவிடும் என்று பலர் விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறையின் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. 1,000 டிகிரியை ஒட்டியே அது கல்லாகிவிடும். மேக்னடைட் என்னும் அந்த இரும்புத் தாதுவின் கியூரி வெப்பநிலையோ சுமார் 580 டிகிரி. அதற்கு மேல் அதில் நிலையான காந்தமே கிடையாது. ஆக, காந்தம் வரும் நேரத்தில் துகள் கல்லுக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது, அசைய வழியில்லை. திசை பிடிப்பது துகளுக்குள் இருக்கும் காந்த ஒழுங்குதான்.

சரி, 580 டிகிரியில் எல்லாம் முடிந்துவிடுமா? அதுவும் இல்லை. டைட்டானியம் அதிகம் கலந்தால் கியூரி வெப்பநிலை 200 டிகிரிக்கும் கீழே இறங்கும். துகளின் அளவும் முக்கியம். பொடித் துகள்கள் கியூரி வெப்பநிலையைத் தாண்டி இன்னும் நன்றாகக் குளிர்ந்த பிறகே திசையை உறுதியாகப் பிடிக்கும். ஒரே கல்லில் பல துகள்கள் பல வெப்பநிலைகளில் பூட்டிக்கொள்கின்றன.

பாறையில் பதிந்த திசை தலைகீழாக இருந்தால், பூமியின் காந்தப்புலமே அன்று வடக்கு தெற்காகப் புரண்டிருந்தது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. ஜப்பானின் ஹருணா எரிமலையின் டேசைட் என்ற வகை எரிமலைப் பாறை, சாதாரணப் புலத்தில் குளிர்ந்தாலும் தானாகவே எதிர்த்திசையில் காந்தமாகிறது. அபூர்வம்தான், ஆனாலும் உண்டு. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, குழம்புக்கு அடியில் வெந்துபோன களிமண்ணைப் பார்க்க வேண்டும். பாறைக்கும் களிமண்ணுக்கும் தாதுக்கள் வேறு, ஆனால் இரண்டும் குளிர்ந்த புலம் ஒன்றே. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம். பிரான்சில் பெர்னார்ட் புருன் 1906-இல் புலம் புரண்டதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த ஆதாரமும் இப்படிப்பட்டதுதான்: எரிமலைப் பாறை, அதன் அடியில் வெந்த களிமண், இரண்டுமே தலைகீழ்.

களத்தில் மாதிரி எடுக்கும்போது இன்னொரு வம்பு. பாறையின் காந்தமே திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும் என்பதால் சூரியனை வைத்தும் திசை குறித்துக்கொள்வார்கள். மேட்டு முகடுகளில் மின்னல் விழுந்த கல் பழைய பதிவை இழந்திருக்கலாம், அங்கே மாதிரி எடுக்காமல் இருப்பதே நல்லது. அப்புறம், வெட்டியெடுத்த கல்லை அப்படியே அளந்து முடிவெழுதுவதும் தப்பு. பிற்காலத்தில் படிந்த காந்தமும் அதில் கலந்திருக்கும். காந்தப்புலமில்லாத அறையில் படிப்படியாகச் சூடாக்கி அதைக் கழித்த பிறகே மூலத் திசை தெரியும்.

ஒரே ஒரு குழம்புப் படலத்தை வைத்துப் பழைய துருவம் எங்கே என்று சொல்லவும் முடியாது. அது குளிர்ந்த கொஞ்ச காலத்துப் புலத்தை மட்டுமே காட்டும். காந்தத் துருவமோ அலைந்துகொண்டே இருப்பது. பல ஆயிரம் ஆண்டு இடைவெளியில் வழிந்த பல படலங்களின் சராசரி வேண்டும், படலம் பிறகு சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் முதலில் திருத்த வேண்டும்.