வாழைநார் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வாடிப்பட்டிப் பக்கம் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். வாழைநார், பாக்குமட்டைத் தட்டு, தென்னைநார் என்று விளைச்சலிலிருந்து பொருள் செய்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "விவசாயம்தானேண்ணே, இதுக்கு வரியே கிடையாதாமே?" பாதிக்குக் கிடையாது, பாதிக்கு உண்டு. தோட்டம் எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது என்று நோட்டில் காட்ட முடிந்தால்தான் சலுகை கைக்கு வரும்.

மேலக்கால் பக்கம் வாழைநாரில் கயிறு திரிப்பதைப் பார்த்துவிட்டு, மறுவாரமே மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பி.எம்.இ.ஜி.பி. (சிறுதொழில் தொடங்க வங்கிக் கடனோடு மத்திய அரசு மானியம் தரும் திட்டம்) மானியம் புது யூனிட்டுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டுக்கும், வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்கும் கிடையாது. 2025-26 வரைக்கும் வகுத்த விதிப்படி உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். கிராமத்தில் 10 லட்சத்துக்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பொதுப் பிரிவு ஆணுக்கு 25 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம் மானியம். கைப்பணம் ஒரு லட்சம். அதே யூனிட் வீட்டுக்காரம்மா பெயரில் என்றால் 35 சதவீதம், மூன்றரை லட்சம். கைப்பணம் 50 ஆயிரம் போதும். பெயருக்கு மட்டும் அவர் என்று போட்டுவிடாதீர்கள். கடனும் அவர் தலையில்தான், பயிற்சிக்கும் அவர்தான் போகவேண்டும். மானியம் கையில் வராது. வங்கியில் 3 வருடம் டெபாசிட்டாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். மனுவை மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போடலாம். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், இலவசம்; இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவரிடம் போகவேண்டாம்.

இனி வரி. சொந்தத் தோட்டத்தில் தார் வெட்டி விற்றால் அது விவசாய வருமானம், வரி இல்லை. தார் வெட்டிய மரத்தைச் சாய்த்து, மட்டை உரித்து, மெஷினில் கொடுத்து நாராக எடுத்து விற்றால் அது தொழில். ஆனால் முழுப் பணமும் தொழில் வருமானம் ஆகிவிடாது. வருமான வரி விதி 7 என்ன சொல்கிறது என்றால், சொந்த விளைச்சலை மூலப்பொருளாகப் போட்டால் அதன் சந்தை விலையைத் தொழில் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகை விவசாய வருமானமாகப் போகும். ஒரு பேச்சுக்கு, நார் விற்றது 6 லட்சம், கூலி, கரண்ட், வண்டி எல்லாம் 3 லட்சம், சொந்த மரத்தின் சந்தை விலை 60 ஆயிரம். தொழில் லாபம் 2 லட்சத்து 40 ஆயிரம்தான். அந்த 60 ஆயிரத்துக்கு ஆதாரம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் மரம் வாங்கும்போது என்ன விலை கொடுத்தீர்களோ அந்த வவுச்சர்தான் ஆதாரம். தேதி, தோட்டக்காரர் பெயர், சர்வே எண், மர எண்ணிக்கை, ஒரு மரத்துக்கு என்ன விலை, கையெழுத்து: கடையில் கிடைக்கிற சாதாரண வவுச்சர் புத்தகமே போதும். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர் என்றால் ரேகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியில் வாங்கிய மரத்தில் எடுத்த நாருக்கு விதி 7 பொருந்தாது, லாபம் முழுக்கத் தொழில் வருமானம். அதனால் சொந்த மரம், வாங்கிய மரம் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடாது. இன்னொன்று: ஒரே நாளில் ஒருவருக்கு 10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். பயிர் செய்தவரிடமே விளைச்சலை வாங்கினால் இதற்கு விலக்கு உண்டு. நடுவில் தரகர் கைக்குப் பணம் போனால் விலக்கு போச்சு.

அடுத்தது, எல்லாரும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வருகிற வருமான வரிச் சட்டப் பிரிவு 80ஜேஜேஏ. மக்கும் கழிவைச் சேகரித்து உரம், உயிர் உரம், சாண எரிவாயு மாதிரியான பயோகேஸ், எரிபொருள் கட்டி செய்கிற தொழிலின் லாபத்துக்கு, தொழில் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து 5 வருடம் நூற்றுக்கு நூறு வரிக் கழிவு. "வாழைமரமே கழிவுதானே, அப்போ நாருக்கும் உண்டுல்ல?" என்று ஒரு தம்பி மடக்கினார். இல்லை. சட்டம் எதைப் போட்டீர்கள் என்பதோடு, எதைச் செய்தீர்கள் என்றும் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் நார் இல்லை, கயிறு இல்லை, தட்டு இல்லை. மெஷினுக்கு அடியில் குவிகிற சக்கை இருக்கிறதே, அதை மண்புழு உரமாக்கி விற்றால் அந்த லாபத்துக்கு உண்டு. உரத்துக்குத் தனி பில் புத்தகம், தனிச் செலவுக் கணக்கு வேண்டும். ரிட்டர்னைக் கெடுவுக்குள் போடவேண்டும். தேதி தாண்டினால் வரிக் கழிவு கிடையாது.

ஆனால் இது உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள். தனிநபருக்குப் புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரியே இல்லை. அதில் 80ஜேஜேஏ கேட்கவும் முடியாது. வரிக் கழிவு வேண்டுமானால் பழைய முறைக்குப் போகவேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அப்படிப் போய்த் திரும்பி வருவது ஒருமுறைதான் நடக்கும். 4 லட்சம், 5 லட்சம் லாபம் பார்க்கிறவருக்கு இந்த வம்பு எதற்கு? பங்குதாரர் நிறுவனமாகப் போட்டிருந்தால் கதை வேறு. அங்கே முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம், 12 லட்சச் சலுகை கிடையாது. அவர்கள்தான் உர லாபத்தைத் தனியாக எடுத்துக்காட்டிக் கழிக்கவேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், 5 ஆயிரத்தைத் தாண்டினால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள், ரிட்டர்னில் மறைக்காதீர்கள்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு முழு விலக்கு என்று கூட்டங்களில் இன்னும் பேசுகிறார்கள். அது 2023-24 நிதியாண்டோடு முடிந்துபோனது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களும் மாறிவிட்டன; மேலே நான் சொன்ன எண்கள் பழைய சட்டத்தினுடையவை. ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பி.எம்.இ.ஜி.பி. வேண்டாம் என்கிறவர்களுக்கு மாநில அரசின் மூலதன மானியம் இருக்கிறது. குறு உற்பத்தி நிறுவனத்துக்கு இயந்திர மதிப்பில் 25 சதவீதம். 4 லட்சம் மெஷினுக்கு 1 லட்சம் வந்தால், தேய்மானத்தை 3 லட்சத்துக்குத்தான் போடவேண்டும், 15 சதவீதம். மானியத்தையும் வாங்கி முழு விலைக்கும் தேய்மானம் போட்டால் பிறகு வட்டியோடு கட்டவேண்டி வரும்.

ஜி.எஸ்.டி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் மாநிலத்தில் பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் தாண்டினால் பதிவு. இலை, பூ, பட்டையில் செய்த தட்டுக்கும் கிண்ணத்துக்கும் வரி இல்லை; பின்னிய கூடைக்கு 5 சதவீதம்.

கடைசியாக, மின்சாரம். தோட்டத்தில் இலவச மோட்டார் கனெக்ஷன் இருக்கிறதே என்று நார் மெஷினை அதில் மாட்டிவிடாதீர்கள். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும், பிடித்தால் அபராதம். ஷெட்டுக்குத் தனி மீட்டர் வாங்குங்கள். 12 கிலோவாட்டுக்குள் என்றால் குறுந்தொழிலுக்கான 3-ஏ-1 கட்டணம் கிடைக்கும். உற்பத்தி தொடங்கியதிலிருந்து 36 மாதத்துக்குக் கட்டணத்தில் 20 சதவீதம் மானியமும் கேட்கலாம். மனுவோடு இந்த மீட்டரின் பில்களைத்தான் வைக்கவேண்டும். முதல் பில்லிலிருந்தே கோர்த்து வையுங்கள்.