தொய்ந்த கழுத்துக்கு நான் செய்தது

14 கிலோ எடை குறைந்ததும் தாடைக்குக் கீழே தோல் தொய்ந்துவிட்டது. மும்பை மாட்டுங்கா பூக்கார அக்கா, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டது மனதில் தைத்தது. ஆறு மாதம் க்ரீம் தேய்த்தேன், பணம்தான் போனது.

அப்புறம் தோல் மருத்துவரிடம் போனேன். தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார், பல்லைக் கடிக்கச் சொன்னார். கழுத்தில் கயிறுபோல் எழும் பட்டைகள் தசையால் வருபவை, அதற்கு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. எனக்கிருப்பது தோல் தளர்ச்சி, அதற்கு ஒலி அலையால் தோலுக்குள் சூடேற்றும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை என்றார். தாலிச் சங்கிலியைக் கழற்றிவைத்துப் படுத்தேன். ஜெல் தடவி, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் சூடு பாய்ச்சினார்கள். தாடை எலும்பருகே சுரீரென்று வலித்தது.

அந்தச் சூட்டால் தோலை இறுக்கமாக வைக்கும் புரதமான கொலாஜன் புதிதாக, மெதுவாகத்தான் உருவாகும். மூன்றாம் மாதம் தாடைக்கோடு தெரிந்தது. அதிகம் தொங்கினால் அறுவை சிகிச்சைதான்; முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது சன்ஸ்கிரீனைக் கழுத்துக்கும் தடவுகிறேன்.